மூடியிருக்க வேண்டிய கதவும் திறந்திருக்க வேண்டிய கதவும்

சம்பா அறுவடை முடிந்து, ஒரத்தநாட்டுச் சாலைகளில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் இரவு பகலாகச் சென்றுகொண்டிருந்த காலம். ஒரு வியாழக்கிழமை, இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து அருகில் அமர்ந்தார். இப்போது அவர் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. நலம் விசாரித்து முடிந்த பிறகும் அவர் எழவில்லை. கடைசி ஆளும் வெளியேறிய பின்னரே வாய் திறந்தார்.

"ஹஜ்ரத், அலுவலக விவரங்களை வெளியே சொல்லமாட்டேன் என்று பணியில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஏட்டில் எழுதப்படுவதும் உண்மையில் நடப்பதும் ஒன்றல்ல. அது என் கண்ணெதிரே நடக்கிறது. வெளியே சொன்னால் நான் அமானிதத்தை மீறியவனா? சொல்லாமல் இருந்தால் சாட்சியத்தை மறைத்தவனா?"

சற்று நேரம் கழித்து மற்றொன்றையும் சொன்னார். "போனில் கேட்கப் பயமாக இருந்தது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்."

அன்று அவருக்கு நான் உடனே விடை கூறவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தவற்றையும், முன்பே படித்து மறந்திருந்தவற்றையும் தொகுத்து எழுதியதே இக்கட்டுரை. அவர் கேட்டது ஒரு மனிதரின் கேள்வியாகத் தோன்றினாலும், நம் நாட்டில் ஏறத்தாழ 170 ஆண்டுகளாகப் பலர் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

இரு நிகழ்ச்சிகள்

வரலாற்றுக்குள் நுழையுமுன், நம் மதரஸாக்களில் அடிக்கடி சொல்லப்படும் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுகிறேன். தனித்தனியே சொல்லப்படும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் எடுத்துரைப்பது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவு உலா வரும்போது ஒரு வீட்டினுள் தகாத ஒலி கேட்டுச் சுவரேறி உள்ளே சென்றார்கள். அங்கே ஒரு மனிதர் பாவச் செயலில் இருக்கக் கண்டு கடிந்துகொண்டார்கள். அம்மனிதரோ, தாம் செய்தது ஒரு குற்றம் என்றால் கலீஃபா செய்தவை மூன்று என்றார். துருவித் துருவி ஆராயக் கூடாது என்று இறைவன் தடுத்திருக்க, ஆராய்ந்தது ஒன்று. வீடுகளுக்கு வாசல் வழியே வரவேண்டும் என்றிருக்க, சுவரேறி வந்தது மற்றொன்று. அனுமதி பெறாமலும் சலாம் உரைக்காமலும் நுழைந்தது மூன்றாவது. பெரும் நிலப்பரப்பை ஆண்ட கலீஃபா அந்த வாதத்தை ஏற்று, அவர் திருந்துவதாக வாக்களித்ததும் அவரை விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

இரண்டாவது, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுநிதிக்கு உரியது என்றும், மற்றொரு பகுதியைத் தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் பிரித்துவைத்தார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அப்படிச் சொல்லும் அலுவலர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். அவ்வுரையில் அவருடைய பெயரைச் சொல்லாமல், 'நாம் அனுப்பும் அலுவலர்' என்ற பொருளிலேயே பேசினார்கள்.

முதல் நிகழ்ச்சியில், ஆட்சித் தலைவரே குடிமகனின் சுவரைத் தாண்டக் கூடாது என்று நிலைபெற்றது. இரண்டாவதில், பொதுப் பதவி வகித்தவரின் கணக்கு அனைவர் முன்னிலையிலும் திறந்து வைக்கப்பட்டது. குடிமகனின் கதவு மூடியிருக்க வேண்டும். அலுவலகத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு வரலாற்றைப் பார்த்தால், அது பெரும்பாலும் தலைகீழாகவே நடந்து வந்திருப்பது தெரிகிறது.

கிட்டியும் அண்ணாந்தாளும்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்து உழவர்களிடம் நிலவரி வசூலிக்கச் சித்திரவதை கையாளப்பட்டது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', தலையைக் கால் விரலோடு சேர்த்துக் கட்டிக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' ஆகிய பெயர்கள் ஆங்கில ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளன. ஊர்தோறும் அறிந்த இச்செய்தி இலண்டனுக்கு மட்டும் எட்டவில்லை. கணக்கில் வரி வந்துசேர்ந்தது. எப்படி வந்தது என்பதைக் கணக்கு சொல்லவில்லை.

இதை வெளிக்கொணர்ந்தவர்களில் முதன்மையானவர் கஜுலு இலட்சுமிநரசு செட்டி. 'கிரசென்ட்' என்ற இதழை நடத்தியவர். சென்னை மக்கள் சங்கத்தின் நிறுவனர். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னை மாகாணத்திற்கு வந்தபோது, உழவர்களின் நிலையை அவர் நேரில் காண வழிசெய்தார். செய்தி நாடாளுமன்றம் வரை சென்றது. 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. நேரில் வந்து சாட்சியம் சொன்னவர்கள் சில நூறு பேர். பேருந்தும் இரயிலும் இல்லாத காலத்தில் நெடுந்தொலைவு நடந்து வந்து, எந்த அலுவலரிடம் அடிபட்டார்களோ அந்த அலுவலரின் அரசிடமே அவர்கள் முறையிட்டார்கள். 1855 ஏப்ரலில் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டது.

இலட்சுமிநரசு செட்டிக்குக் கிடைத்ததோ அரசின் சந்தேகப் பார்வை. பின்னாளில் அதே அரசு அவரைச் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்த்தியது வேறு செய்தி. உண்மை சொன்னவரை முதலில் ஐயுறுவதும், காலம் கடந்த பின் கௌரவிப்பதும் பின்னரும் பலமுறை நடந்தன.

மூன்று பூட்டுகள்

அடுத்த எழுபது ஆண்டுகளில் ஆங்கிலேய அரசு மூன்று பூட்டுகளைச் செய்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், தந்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம், கடிதங்களைத் தடுத்து வைக்கும் அதிகாரத்தைத் தந்தது. 1889இல் பிறந்து, 1904இல் கர்சன் காலத்தில் கடுமையாக்கப்பட்டு, 1923இல் முழு வடிவம் பெற்ற அலுவலக இரகசியச் சட்டம், அரசின் தாளை வெளியே கொண்டுசெல்பவரையும் அதைப் பெற்றுக்கொள்பவரையும் குற்றவாளியாக்கியது. எது இரகசியம் என்ற வரையறை மட்டும் அச்சட்டத்தில் தெளிவாக இல்லை.

முதலிரண்டு சட்டங்கள் குடிமகனின் கதவைத் திறந்தன. மூன்றாவது அரசின் கதவைப் பூட்டியது. புதுச்சேரியில் பாரதியார் தங்கியிருந்த பத்து ஆண்டுகளும் ஆங்கிலேய அரசின் உளவர்கள் அவரைச் சூழ்ந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் பிழைக்கச் சென்ற நம் பாட்டன்மார் எழுதிய கடிதங்கள் தணிக்கை முத்திரையுடன் வீடு வந்து சேர்ந்தன. மனைவிக்கு எழுதிய கடிதத்தை வேறொருவர் படித்திருக்கிறார் என்பதை அறிந்தே அவர்கள் எழுதினார்கள்.

1947இல் ஆட்சி மாறியது, பூட்டுகள் மாறவில்லை. 1986இல் அஞ்சல் சட்டத் திருத்த மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கடிதங்களை இடைமறிக்கும் அரசின் அதிகாரத்தை அது விரிவாக்கியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் தரவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, மேசையிலேயே வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே இல்லை. கையெழுத்திடாமல் இருப்பதும் சில வேளைகளில் ஒரு சாட்சியமாகும்.

பீரங்கிக் காகிதங்கள்

1986 மார்ச்சில் இந்திய அரசு 410 பீரங்கிகளை வாங்க சுவீடன் நாட்டின் போபர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. 1987 ஏப்ரல் 16 அன்று சுவீடன் வானொலி, இதற்காகக் கையூட்டு கொடுக்கப்பட்டதாக அறிவித்தது. அதன் பின் ஜெனீவாவிலிருந்து சித்ரா சுப்பிரமணியமும் சென்னையிலிருந்து என்.ராமும் 'தி இந்து' நாளிதழில் ஆவணங்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டனர். 1989இல் ராஜீவ் காந்தி அரசு தேர்தலில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஆவணங்களைத் தந்தவர் யார் என்பது 25 ஆண்டுகள் தெரியாமலிருந்தது. 2012 ஏப்ரலில்தான், சுவீடனில் அவ்வழக்கை விசாரித்த காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் தாமே முன்வந்து, தந்தவர் நானே என்றார். அப்போது அவர் கூறிய மற்றொன்றையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும். ராஜீவ் காந்தி பணம் பெற்றதற்குத் தம்மிடம் ஆதாரம் இல்லை என்றார். 2004இல் தில்லி உயர் நீதிமன்றமும் அவர் மீதான கையூட்டுக் குற்றச்சாட்டை நீக்கியிருந்தது. உண்மையை வெளியிடுபவர், தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாத இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதற்கு இம்மனிதர் நல்ல எடுத்துக்காட்டு.

அதே காலத்தில் மற்றொரு கதவும் திறந்தது. 1988 ஆகஸ்டில், அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தியின் வீட்டருகே அரியானா காவலர்கள் இருவர் வேவு பார்த்ததாக எழுந்த பிணக்கில் சந்திரசேகர் அரசு வீழ்ந்தது. அதே மாதம், அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது குறித்த சி.பி.ஐ. அறிக்கை 'மெயின்ஸ்ட்ரீம்' இதழில் வெளியானது. ஒட்டுக்கேட்பில் எத்தனை விதிமீறல்கள் என்பதை அரசின் அறிக்கையே காட்டியது.

அந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ தொலைபேசியில் பேசும் பேச்சு தனிமனித உரிமையின் பகுதி என்றனர். உள்துறைச் செயலாளர் நிலையிலுள்ளவர் மட்டுமே ஒட்டுக்கேட்க ஆணையிடலாம். ஆணை இரண்டு மாதத்திற்கே செல்லும். எவ்வளவு நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு குழு ஒவ்வோர் ஆணையையும் மறுஆய்வு செய்ய வேண்டும். இவை நல்ல விதிகளே. எனினும் ஆணையிடுபவரும் அரசு அலுவலர், மறுஆய்வு செய்பவர்களும் அரசு அலுவலர்கள். நீதிபதி ஒருவர் அதில் இல்லை.

அதன் விளைவு பின்னாளில் தெரிந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்ட கேள்விக்கு மத்திய உள்துறை அளித்த விடையின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்திற்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பிறப்பித்து வந்தது. மறுஆய்வுக் குழு கூடுவது இரண்டு மாதத்திற்கு ஒருமுறை. அப்படியானால் ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் படிக்க வேண்டும். இயலாத காரியம் என்று 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே சுட்டிக்காட்டியது.

நக்கீரன் வழக்கு

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்குதான் நான் மேலே கூறிய அளவுகோலைச் சட்டத்தின் மொழியில் முதன்முதலில் தெளிவாக வரைந்தது.

ஆட்டோ சங்கர் என்ற கௌரிசங்கர் ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்றவர். அவரை எவ்வகையிலும் போற்றுவதற்கில்லை. சிறையில் அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றில், தம் குற்றத் தொழிலுக்கு உயர் அதிகாரிகள் சிலர் உடந்தையாக இருந்ததாகக் குறிப்பிட்டிருந்தார். 'நக்கீரன்' இதழ் அதைத் தொடராக வெளியிட முன்வந்தது. 1994 ஜூனில் சிறைத்துறை உயர் அதிகாரி, அத்தொடரை நிறுத்துமாறு இதழுக்குக் கடிதம் எழுதினார். இதழாசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இரு பகுதிகளை உடையது. குடிமகன் ஒவ்வொருவருக்கும் தம் வாழ்வு, குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றிய தனிமை உரிமை உண்டு; அனுமதியின்றி எவரும் அவற்றை வெளியிடலாகாது. இது முதற்பகுதி. பொது அலுவலர் ஒருவர் தம் பணியைச் செய்ததைப் பற்றி எழுதும்போது அந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது. தமக்கு அவதூறு நேரும் என்று அஞ்சி, வெளியாகும் முன்பே ஓர் எழுத்தைத் தடுக்க அரசுக்கோ அலுவலருக்கோ அதிகாரம் இல்லை. இது இரண்டாம் பகுதி.

உமர் (ரலி) அவர்கள் சுவரிலிருந்து இறங்கியதும், மிம்பரில் வசூல் அலுவலரின் கணக்கு கேட்கப்பட்டதும் ஒரே தாளில் அருகருகே எழுதப்பட்டாற்போல் எனக்குத் தோன்றிற்று. ஆயினும் அத்தீர்ப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. 1923ஆம் ஆண்டின் இரகசியச் சட்டம் இதழ்களைக் கட்டுப்படுத்தாது என்று இதற்குப் பொருளல்ல என அதுவே கூறியது. அந்தப் பூட்டு அசைய மேலும் 25 ஆண்டுகள் ஆயின.

காப்பாற்றப்படாத ஓர் இரகசியம்

இதற்கிடையில் இராஜஸ்தானின் ஏழைத் தொழிலாளர்கள் ஓர் எளிய கேள்வியைக் கேட்டிருந்தனர். வறட்சி நிவாரண வேலைக்கு வந்ததாக வருகைப் பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது? அதைக் காட்ட மறுத்த அலுவலர்கள் கூறிய காரணம், அது இரகசியம் என்பதே. 1994இல் தொடங்கிய மக்கள் விசாரணைகளில் பதிவேடுகள் உரக்கப் படிக்கப்பட்டபோது, இறந்தவர்களின் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. 1996இல் பியாவரில் 40 நாள் அறப்போர் நடந்தது. 1997இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றி இதில் முந்திக்கொண்டது. 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுமைக்குமான சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் தவணை. அதன் 22ஆம் பிரிவு, 1923 சட்டத்தைவிட இச்சட்டமே மேலோங்கும் என்கிறது.

ஆனால் அலுவலகத்திற்குள்ளிருந்து பேசுபவரின் நிலை என்ன? இதற்கு விடையாக நிற்பது சத்யேந்திர துபேயின் பெயர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பணியாற்றியபோது, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளை விளக்கி 2002இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். கடிதமோ அவருடைய அடையாளத்துடனேயே பல மேசைகளுக்குச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று அதிகாலை கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரித்த சி.பி.ஐ. அதை வழிப்பறிக் கொலை என்றது. 2010இல் மூவர் தண்டிக்கப்பட்டனர். அந்த முடிவை அவர் குடும்பத்தார் ஏற்கவில்லை.

கொலையின் காரணம் எதுவாயினும் ஒன்று மட்டும் உறுதி. எத்தனையோ தாள்களை இரகசியம் என்று பூட்டிவைக்கத் தெரிந்த ஓர் அமைப்பு, ஒரு நேர்மையாளர் கேட்டுக்கொண்ட ஒரே ஓர் இரகசியத்தைக் காப்பாற்றவில்லை.

அவர் மறைவுக்குப் பின் எழுந்த குரலால் 2004இல், முறைகேட்டை வெளிப்படுத்துபவரின் பெயரைக் காத்து விசாரிக்கும் பொறுப்பு மத்திய கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2014 மே 9 அன்று, இத்தகையோரைப் பாதுகாக்கும் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. அச்சட்டம் இன்று வரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 2015இல், இரகசியச் சட்டத்தின்கீழ் வருவனவற்றை வெளியிடுவோருக்குப் பாதுகாப்பில்லை என்னும் திருத்தம் மக்களவையில் நிறைவேறி, அதுவும் அத்துடன் நின்றது.

கைபேசிக் காலம்

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் என்ற 29 வயது இளைஞர், அமெரிக்க உளவு நிறுவனம் உலகோரின் தொலைபேசி, இணையத் தொடர்புகளை மொத்தமாக அள்ளுவதை ஆவணங்களுடன் வெளியிட்டார். அவர் தந்த ஆவணங்களிலிருந்து, அமெரிக்க முஸ்லிம் சமூகத் தலைவர்கள் சிலரின் மின்னஞ்சல்களும் கண்காணிக்கப்பட்டது மறு ஆண்டு தெரியவந்தது. 2020இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அத்தொலைபேசிப் பதிவுத் திட்டம் சட்டத்திற்குப் புறம்பானது என்றது. வெளியிட்டவரோ இன்னும் நாடு திரும்ப இயலாமல் இருக்கிறார்.

2021 ஜூலையில் அந்தப் பேச்சு நம் வாசலுக்கே வந்தது. இஸ்ரேலிய நிறுவனம் ஒன்று அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகக் கூறும் பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள், கைபேசியினுள் புகுந்தால் உரிமையாளர் அறியாமலேயே ஒலிவாங்கியையும் ஒளிப்படக் கருவியையும் இயக்க வல்லது. அதன் இலக்காக இருந்திருக்கக் கூடிய எண்களின் பட்டியலில் இந்தியப் பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சியினர், செயற்பாட்டாளர்கள் ஆகியோரின் எண்கள் இருந்ததாகச் செய்தி வெளியாயிற்று. பட்டியலில் இருப்பது மட்டுமே கைபேசி ஊடுருவப்பட்டதற்குச் சான்றாகாது. 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. நாட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் அரசு கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்று தெளிவுபடுத்தியது. 2022 ஆகஸ்டில் குழுவின் முடிவு வந்தது. ஆராய்ந்த 29 கைபேசிகளில் 5இல் ஏதோவொரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019இல், நக்கீரன் வழக்கு நின்ற இடத்திலிருந்து ஓர் அடி முன்னே வைக்கப்பட்டிருந்தது. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களை என்.ராம் 'தி இந்து'வில் வெளியிட்டார். அவை திருடப்பட்டவை, இரகசியச் சட்டத்தின்படி நீதிமன்றமே அவற்றைப் பார்க்கலாகாது என்று அரசு வாதிட்டது. ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுத்தனர். தகவல் உரிமைச் சட்டம் வந்தபின் பொதுநலனே மேலோங்கும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு நவம்பரில் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின. வழக்கில் அரசே வென்றது. எனினும் ஆவணத்தைப் பார்க்கக் கூடாது என்ற வாதம் தோற்றது. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

அண்மையில் நடந்த இரண்டையும் குறிப்பிட்டு வரலாற்றை முடிக்கிறேன். 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. தனிநபர் விவரமானாலும் பொதுநலனுக்கு வேண்டுமெனில் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த சொற்கள் நீக்கப்பட்டன. குடிமகனைக் காக்க எழுந்த தனிமை உரிமை என்னும் சொல், அலுவலரின் பதிவேட்டுக்குத் திரையாகும் வாய்ப்பு இதனால் உண்டாகியுள்ளது. மற்றொரு பக்கம், 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை நீக்கினார். 1885 சட்டம் கூறும் பொது அவசரமோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்று சொல்லியும் ஒருவர் பேச்சை மறைந்திருந்து கேட்கலாகாது என்றார். வழக்கின் பின்னணியில் இருந்தது கையூட்டுப் புகார். அப்படியிருந்தும் சுவரேறிப் பெற்றதைச் சட்டம் ஏற்கவில்லை.

மாணவருக்குச் சொன்ன விடை

அடுத்த வியாழக்கிழமை அவர் வந்தார். அமானிதம் யாருடையது என்பதிலிருந்து தொடங்கினேன். அலுவலகத்தின் தாள் மேலதிகாரியின் சொத்தன்று, மக்கள் ஒப்படைத்தது. ஒரு நோயாளியின் விவரமும், ஒரு விதவையின் ஓய்வூதியக் கணக்கும் அமானிதம். அவற்றை உயிர்போல் காக்க வேண்டும். அந்த மக்களின் பொருளே களவாடப்படுவதை மறைப்பது அமானிதம் ஆகாது. சபைகளில் பேசப்படுபவை அமானிதம் என்று கூறும் நபிமொழி ஒன்று அபூதாவூதில் உண்டு. அது அநியாயமாக உயிரைப் பறித்தல், மானத்தைக் குலைத்தல், பொருளைக் கவர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்களிக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பினும், அதன் கருத்து மார்க்கத்தின் பிற அடிப்படைகளோடு ஒத்துச் செல்வதே.

பின்னர் நடைமுறையைச் சொன்னேன். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுக. எவருடைய வீட்டு விவகாரத்தையும் அதில் கலக்காதீர். வாட்ஸ்அப்பில் பரப்பாதீர், உரிய அமைப்புக்கு எழுத்தில் தந்து ஒப்புகை பெறுக. எழுதுமுன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்க. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறக்கூடிய தாளை அவ்வழியிலேயே பெறுக.

அனைத்தையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஹஜ்ரத், சட்டம் புரிகிறது. நான் சொன்ன மறுநாள் என் பக்கத்தில் யார் நிற்பார்கள்?"

அதற்கு என்னிடம் நூல்களில் விடை இல்லை. சொல்பவரின் வேலை போகும், ஊர் மாற்றம் வரும், பிள்ளையின் படிப்பு தடைபடும். உபதேசம் செய்பவருக்கு இவற்றில் ஒன்றும் நேராது. உண்மை சொன்னவரின் வீட்டுக்குச் சென்று தேநீர் அருந்தக்கூட அஞ்சும் ஊரில், எந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும் அவர் தனியாகவே இருப்பார். எனவே அவரிடம் ஒன்றை மட்டும் கூறினேன். நீங்கள் எழுதுவதாக இருந்தால், அந்தத் தாளை அஞ்சலகத்தில் பதிவு செய்ய நானும் உடன் வருகிறேன் என்றேன். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நான் அவசரப்படுத்தவும் இல்லை.

அன்றிரவு வீடு திரும்பும்போது வேறொன்று நெஞ்சில் உறுத்தியது. அரசின் ஏட்டைப் பற்றி இவ்வளவு பேசும் நான் கற்பிக்கும் மதரஸாவின் வரவு செலவுக் கணக்கை ஊரார் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? கேட்டவர்களுக்குக் காட்டியிருக்கிறோம். கேட்காமல் காட்டியதில்லை. மறுவாரம் நிர்வாகிகளிடம் பேசினேன். இருவர் தயங்கினர், இறுதியில் ஒப்புக்கொண்டனர். இப்போது மாதந்தோறும் முதல் ஜும்ஆவுக்கு முன் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. முதல் மாதமே முதியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் படித்துவிட்டு, மின்கட்டணத்தில் ஒரு கூட்டல் பிழையைக் காட்டினார். 40 ரூபாய்தான். திருத்தி எழுதி, அவர் கண்முன்னே மீண்டும் ஒட்டினோம்.